ரேம் வேகமும் இன்டகிரேட்டட் கிராபிக்ஸும்: லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் சித்தி மகன் ஒருநாள் ராத்திரி போன் செய்தான். "அண்ணா, 16 ஜிபி ரேம் பார்த்துப் பார்த்து வாங்கினேன். ஜிடிஏ 5 திக்கித் திக்கி ஓடுது. ரூம்மேட்கிட்ட 8 ஜிபிதான் இருக்கு. அதே ரைசன் 5 5500யு பிராசஸர். அவனுக்கு என்னைவிட நல்லா ஓடுது. கடையில கேட்டா கேமிங் லேப்டாப் வாங்கச் சொல்றாங்க." அவன் குரலில் ஏமாந்துவிட்ட வருத்தம் தெரிந்தது. மறுநாள் டாஸ்க் மேனேஜரைத் திறந்து படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அவனுடைய 16 ஜிபியும் ஒரே ஸ்டிக்கில் இருந்தது. அறை நண்பனுடைய 8 ஜிபியோ நாலும் நாலுமாக இரண்டு இடத்தில் இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப் வைத்திருக்கும் மாணவர்கள் நிறையப் பேர் இதே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ரேம் எத்தனை ஜிபி என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது எத்தனை சேனலில் ஓடுகிறது, என்ன வேகத்தில் ஓடுகிறது என்று கேட்பவர்கள் குறைவு. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் இன்டகிரேட்டட் கிராபிக்ஸைப் பொறுத்தவரை, தேவையான அளவு ஜிபி இருந்துவிட்டால், அதற்குமேல் தீர்மானிப்பது இந்த இரண்டும்தான். அதிலும் சேனல் முதலில், வேகம் அப்புறம்.

ஏரியும் மதகும்

ரேமின் ஜிபி என்பது ஏரியின் கொள்ளளவு. பேண்ட்வித் என்பது மதகு வழியாக வினாடிக்கு எவ்வளவு தண்ணீர் வெளியே வருகிறது என்பது. ஏரி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் மதகுக்கு ஒரே கண் இருந்தால் வயலுக்கு அந்த அளவுதான் பாயும். சிங்கிள் சேனல் என்றால் ஒரு கண் மதகு, டூயல் சேனல் என்றால் இரு கண் மதகு. ரேமின் வேகம் ஒவ்வொரு கண்ணிலும் நீர் பாயும் விசை.

தனி கிராபிக்ஸ் கார்டுக்குச் சொந்தக் கிணறும் பெரிய மோட்டாரும் உண்டு. அதற்கென்றே தனி மெமரி பக்கத்திலேயே இருக்கிறது. இன்டகிரேட்டட் கிராபிக்ஸுக்கு அது கிடையாது. பிராசஸர் பயன்படுத்தும் அதே ரேமிலிருந்துதான் அதுவும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே மதகின் கீழ் இரண்டு வயல்கள்.

இதை எண்ணாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 2017 தொடக்கத்தில் லேப்டாப்களுக்கு வந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 கார்டில் 640 கோர்கள் உண்டு. ரைசன் 5 5500யு சிப்புக்குள் இருக்கும் வேகா கிராபிக்ஸில் 448 கோர்கள், 1.8 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடும். வெறும் கணக்குப் போடும் திறனில் முன்னது சுமார் 1.9 டெராஃப்ளாப்ஸ் (ஒரு டெராஃப்ளாப்ஸ் என்றால் வினாடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்குகள்), பின்னது சுமார் 1.6. ஆறில் ஒரு பங்குதான் குறைவு. ஆனால் 1050 கார்டுக்குத் தன் சொந்த மெமரியிலிருந்து வினாடிக்கு 112 ஜிபி கிடைக்கிறது. சித்தி மகனின் லேப்டாப்பில் ஒரே டிடிஆர்4-3200 ஸ்டிக் தருவது வினாடிக்கு 25.6 ஜிபி. நாலில் ஒரு பங்குகூட இல்லை. அதையும் பிராசஸரோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கிராபிக்ஸ் கோர்கள் வேலைக்குத் தயாராக நிற்கின்றன, தரவுதான் வந்து சேரவில்லை.

அவ்வளவு தரவு எங்கே போகிறது என்று கேட்பீர்கள். ஃபுல் எச்டி திரையில் 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரையில் வரும் ஒரு முழுப் படத்துக்கு, 8.3 எம்பி. வினாடிக்கு 60 ஃபிரேம் என்றால் சுமார் 0.5 ஜிபி. "இவ்வளவுதானா?" என்று தோன்றும். இது முடிந்த படத்தை ஒருமுறை எழுதும் செலவு மட்டும். எழுதிய படத்தைத் திரைக்கு அனுப்ப இன்னொரு 0.5 ஜிபி. இப்போதைய ஆட்டங்கள் பல, ஒரு ஃபிரேமை நேரடியாக வரைவதில்லை. நிறம், பரப்பின் திசை, பளபளப்பு, ஆழம் என்று தனித்தனிப் படங்களாக முதலில் எழுதிவைத்து, அவற்றைத் திரும்பப் படித்துத்தான் ஒளியைக் கணக்கிடுகின்றன. புள்ளிக்கு 20 பைட் என்று வைத்தால், எழுதவும் ஒருமுறை படிக்கவும் மட்டும் வினாடிக்கு 5 ஜிபி ஆகிவிடுகிறது. அதற்குமேல் டெக்ஸ்சர்கள் (பொருள்களின் பரப்பில் போர்த்தும் படங்கள்), நிழல்கள், ஒன்றன்மேல் ஒன்றாக வரையப்படும் புகை, புல், கண்ணாடி, கடைசியில் மங்கல் விளைவுகள். ஒவ்வொன்றுக்கும் மதகைத் திறக்க வேண்டும். 25.6 ஜிபி எப்படித் தீர்கிறது என்பது இப்போது புரியும்.

இதற்கு ஒரு நல்ல சான்று டெஸ்க்டாப் பக்கத்தில் உண்டு. என்விடியா ஜிடி 1030 என்ற சிறிய கார்டு 2017-ல் ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தது. பேண்ட்வித் வினாடிக்கு 48 ஜிபி. 2018-ல் அதே பெயரில், அதே 384 கோர்களோடு, டிடிஆர்4 மெமரி போட்டு இன்னொரு பதிப்பு வந்தது, பேண்ட்வித் 16.8 ஜிபி. கோரின் வேகம் சற்றே குறைந்திருந்தது, பெரிய வித்தியாசம் மெமரிதான். பல ஆட்டங்களில் ஃபிரேம் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாக விழுந்தது. மெமரியை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்று யாரோ பரிசோதனை செய்து காட்டியதுபோல அமைந்துவிட்டது அது.

சரி, இனி உங்கள் லேப்டாப்புக்கு வருவோம்.

படி 1: இருப்பதைப் பாருங்கள்

விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தேர்ந்தெடுங்கள். கீழே மூன்று விவரங்கள் முக்கியம். ஸ்பீட் என்ற இடத்தில் 2400, 3200, 4800, 5600 போல ஓர் எண் இருக்கும். ஸ்லாட்ஸ் யூஸ்டு என்ற இடத்தில் 2-ல் 1 என்றிருந்தால் ஒரு ஸ்லாட் காலி என்று பொருள் கொள்ளலாம். ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் சோடிம் என்றிருந்தால் கழற்றக்கூடிய ஸ்டிக். ரோ ஆஃப் சிப்ஸ் என்றிருந்தால் பெரும்பாலும் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டது.

ஸ்லாட் எண்ணிக்கையை மட்டும் முழுதாக நம்பிவிடாதீர்கள். சில லேப்டாப்களில் சால்டர் செய்த ரேமையும் ஒரு ஸ்லாட்டாகவே விண்டோஸ் எண்ணும். போர்டில் இடமே இல்லாத ஸ்லாட் காலியாக இருப்பதாகக் காட்டுவதும் உண்டு. காசு கொடுத்து ஸ்டிக் வாங்குவதற்கு முன் உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் உறுதி செய்யுங்கள். பெரிய நிறுவனங்கள் பலவும் தங்கள் தளத்தில் அதை வைத்திருக்கின்றன.

படி 2: எத்தனை சேனல் என்று கண்டுபிடியுங்கள்

இதைத் தெரிந்துகொள்ள சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் போதும். அதில் மெமரி பகுதியைத் திறந்தால் சேனல் என்ற இடத்தில் சிங்கிளா, டூயலா என்று இருக்கும். அங்கே டிராம் ஃபிரீக்வென்சி 1600 என்று பார்த்துவிட்டு, "3200 என்று சொல்லி 1600 கொடுத்துவிட்டார்கள்" என்று பதறுபவர்கள் உண்டு. டிடிஆர் ரேம் ஒரு கடிகாரத் துடிப்புக்கு இரண்டுமுறை தரவை அனுப்பும். அதனால் 1600 மெகாஹெர்ட்ஸ் என்பதும் வினாடிக்கு 3200 மெகா டிரான்ஸ்ஃபர் என்பதும் ஒன்றுதான்.

டிடிஆர்5 லேப்டாப் என்றால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. டிடிஆர்5 ஸ்டிக் ஒவ்வொன்றும் தனக்குள் 32 பிட் அகலமுள்ள இரண்டு துணைச் சேனல்களாகப் பிரிந்திருக்கிறது. அதனால் ஒரே ஸ்டிக் இருக்கும்போதும் சில மென்பொருள்கள் டூயல் என்றோ 2 × 32 பிட் என்றோ காட்டும். "ஆகா, ஏற்கெனவே டூயல்தான்" என்று விட்டுவிடக் கூடாது. மொத்த பிட்டைக் கூட்டுங்கள். 64 வந்தால் ஒரு கண். 128 வந்தால் இரு கண். சால்டர் செய்த எல்பிடிடிஆர் ரேமில் (மின்சாரத்தைக் குறைவாகக் குடிக்கும் வகை) 4 × 32 என்றோ 8 × 16 என்றோ வரலாம். கூட்டினால் 128, அது முழு அகலம்.

இன்டெல் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட எளிய அடையாளம் ஒன்று உண்டு. 11-ம் தலைமுறை முதல், ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் உள்ள சிப்பில் ரேம் சிங்கிள் சேனலாக இருந்தால் விண்டோஸ் அதை "இன்டெல் யுஎச்டி கிராபிக்ஸ்" என்றே காட்டும். டூயல் சேனல் ஆனதும் அதே சிப் "ஐரிஸ் எக்ஸ்இ" ஆகிவிடும். கோர் அல்ட்ரா எச் வரிசையில் ஆர்க் என்ற பெயருக்கும் குறைந்தது 16 ஜிபி ரேம், டூயல் சேனல் என்று இன்டெல் நிபந்தனை வைத்திருக்கிறது. பெட்டியில் ஐரிஸ் எக்ஸ்இ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்து, டிவைஸ் மேனேஜரில் யுஎச்டி என்று வந்தால் குழம்ப வேண்டாம். ஒரு ஸ்டிக் குறைகிறது, அவ்வளவுதான்.

படி 3: உங்கள் மதகின் அளவைக் கணக்கிடுங்கள்

வேகத்தை 8-ஆல் பெருக்குங்கள். அதுதான் 64 பிட் அகலமுள்ள ஒரு சேனல் வினாடிக்குத் தரும் எம்பி. இரண்டு சேனல் என்றால் இன்னொருமுறை இரண்டால் பெருக்குங்கள். 3200 × 8 = 25,600. டிடிஆர்4 ஸ்டிக்கின் மேல் "பிசி4-25600" என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண் இதுதான்.

வழக்கமாகக் கண்ணில் படும் அமைப்புகள், வினாடிக்கு ஜிபி கணக்கில்:

- டிடிஆர்4-2400: ஒரு ஸ்டிக் 19.2, இரண்டு 38.4
- டிடிஆர்4-3200: ஒரு ஸ்டிக் 25.6, இரண்டு 51.2
- டிடிஆர்5-4800: ஒரு ஸ்டிக் 38.4, இரண்டு 76.8
- டிடிஆர்5-5600: ஒரு ஸ்டிக் 44.8, இரண்டு 89.6
- எல்பிடிடிஆர்5-6400, 128 பிட்: 102.4
- எல்பிடிடிஆர்5எக்ஸ்-7500, 128 பிட்: 120

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே ஒரு டிடிஆர்5-5600 ஸ்டிக் தருவதைவிட இரண்டு பழைய டிடிஆர்4-3200 ஸ்டிக்குகள் அதிகம் தருகின்றன. "டிடிஆர்5 லேப்டாப்" என்ற விளம்பரத்தை மட்டும் நம்பி, ஒரே 8 ஜிபி ஸ்டிக்கோடு வருவதை வாங்கியவர்களுக்கு இது வருத்தமான செய்தி. அதே சமயம் எளிதில் சரிசெய்யக்கூடியதும்கூட.

இன்னொன்று. டூயல் சேனலில் ஏற்கெனவே இருப்பவர், 4800 ஸ்டிக்குகளைத் தூக்கிவிட்டு 5600 வாங்கினால் கூடுவது ஆறில் ஒரு பங்குதான். ஆட்டத்தில் ஃபிரேம் அதைவிடக் குறைவாகவே கூடும், ஏனென்றால் ஒரு ஃபிரேமின் எல்லா நேரமும் மெமரிக்காகக் காத்திருப்பதில் போவதில்லை. சிங்கிளிலிருந்து டூயலுக்குப் போனால் பேண்ட்வித் அப்படியே இரட்டிப்பாகிறது. வேகா கிராபிக்ஸ் உள்ள ரைசன் லேப்டாப்களில் அந்த ஒரு மாற்றத்துக்கே பல ஆட்டங்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை ஃபிரேம் கூடுவது வழக்கம். முதல் மாற்றத்துக்குக் காசைச் செலவிட நான் யாருக்கும் தயங்காமல் சொல்வேன். இரண்டாவதற்குச் சொல்ல மாட்டேன்.

லேட்டன்சி, அதாவது கேட்ட தரவு வர ஆகும் தாமதம், பற்றியும் கேட்பார்கள். சிஎல்22 வாங்கலாமா, சிஎல்20 வாங்கலாமா என்று. சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் நானோவினாடி கிடைக்கும். 3200 சிஎல்22 என்றால் 13.75, சிஎல்20 என்றால் 12.5. கிராபிக்ஸ் கோர்கள் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான வேலைகளைக் கையில் வைத்திருக்கும். ஒன்று தரவுக்காகக் காத்திருந்தால் இன்னொன்றை எடுத்துக்கொள்ளும். அதனால் ஒன்றிரண்டு நானோவினாடி அவற்றை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. விலை ஒன்றாக இருந்தால் குறைந்த சிஎல் எடுங்கள். அதற்காக அதிகம் கொடுக்க வேண்டாம்.

படி 4: நோய் மெமரியில்தானா என்று சோதியுங்கள்

ஸ்டிக் வாங்குவதற்கு முன் இந்தச் சோதனையை அவசியம் செய்யுங்கள். சார்ஜரை மாட்டி, பவர் மோடை உச்சத்தில் வைத்து, ஆட்டத்தில் ஒரே இடத்தில் நின்று ஃபிரேம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ரெசல்யூஷனை 1920 × 1080-லிருந்து 1280 × 720-க்கு இறக்குங்கள். புள்ளிகள் பாதிக்கும் கீழே போகின்றன. ஃபிரேம் நன்றாக ஏறினால் இடையூறு கிராபிக்ஸ் பக்கம்தான்; நீங்கள் சிங்கிள் சேனலில் இருந்தால் மெமரியே முதல் சந்தேகம். ஃபிரேம் அசையவே இல்லை என்றால் பிராசஸரோ வேறு ஏதாவதோ பிடித்து நிறுத்துகிறது.

அந்த வேறு ஏதாவது பெரும்பாலும் மின்சாரமும் சூடும். மெல்லிய லேப்டாப்களில் பிராசஸரும் கிராபிக்ஸும் சேர்ந்து 15 வாட்டுக்குள் குடும்பம் நடத்த வேண்டியிருக்கும். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளை ஓடவிட்டு, ஆட்டத்தின்போது கிராபிக்ஸ் கோரின் கடிகார வேகத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் அது பாதியாக இறங்கிவிட்டால் ரேமை மாற்றினாலும் பலன் குறைவாகத்தான் இருக்கும். முதலில் காற்றோட்டத்தையும் தூசியையும் கவனியுங்கள். மெத்தையில் வைத்து விளையாடுவதையும் நிறுத்துங்கள். இங்கே மே மாத வெயிலில், மின்விசிறி மட்டும் உள்ள அறையில் இது சின்ன விஷயமே இல்லை.

ரேம் நிரம்பி வழிகிறதா என்றும் பாருங்கள். 8 ஜிபியில் விண்டோஸ், பிரவுசர், ஆட்டம் மூன்றும் இருந்தால் ஏரியே வற்றியிருக்கும். அப்போது எஸ்எஸ்டியிலிருந்து தரவை இழுக்க வேண்டியிருக்கும், ஆட்டம் நின்று நின்று ஓடும். இன்னொரு ஸ்டிக் போட்டால் அந்தக் குறையும் சேர்ந்து தீரும்.

படி 5: சரியான ஸ்டிக்கைத் தேர்ந்தெடுங்கள்

முதலில் தலைமுறை. டிடிஆர்4 சோடிமில் 260 பின், டிடிஆர்5 சோடிமில் 262 பின். நடுவில் இருக்கும் வெட்டும் வேறு இடத்தில். ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது, வலிந்து அழுத்தவும் கூடாது.

அடுத்து, உங்கள் பிராசஸர் எவ்வளவு வேகத்தை ஏற்கும் என்று பாருங்கள். ரைசன் 5 3500யு ஏற்பது டிடிஆர்4-2400 வரை. இன்டெல் 10-ம் தலைமுறை யு வரிசையில் பல சிப்கள் 2666 வரை. ரைசன் 5 5500யு 3200 வரை. ரைசன் 6000 வரிசைக்கு டிடிஆர்5-4800, ரைசன் 7 7840எச்எஸ் சிப்புக்கு 5600. அதற்குமேல் வேகமான ஸ்டிக்கைப் போட்டாலும் அது இறங்கி வந்துதான் ஓடும். டெஸ்க்டாப்போல பயாஸில் எக்ஸ்எம்பியைத் திறந்து வேகத்தை ஏற்றும் வசதி பெரும்பாலான லேப்டாப்களில் இல்லை. வெவ்வேறு வேகமுள்ள இரண்டு ஸ்டிக் போட்டால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கும். ஏற்கெனவே இருப்பது 2666 என்றால், புதிதாக 3200 வாங்கினாலும் 2666-ல்தான் ஓடும். அப்படியும் அது ஒற்றை 3200-ஐ எளிதாக முந்திவிடும்.

ஒரே பிராண்ட், ஒரே மாடலாக இருந்தே ஆக வேண்டுமா? வேண்டியதில்லை. ஒரே தலைமுறை, ஒரே வேகம், முடிந்தால் ஒரே அளவு என்று இருந்தால் பெரும்பாலும் வம்பில்லாமல் ஓடும். பொருந்தாமல் போகும் அபாயம் கொஞ்சம் உண்டு என்பதால், மாற்றித் தர ஒப்புக்கொள்ளும் கடையில் வாங்குங்கள்.

அளவு மாறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதில் தேவையில்லாத பயம் நிறைய இருக்கிறது. 8 ஜிபியோடு 16 ஜிபி சேர்த்தால், 8-ம் 8-மாக முதல் 16 ஜிபி இரு கண் வழியாகப் பாயும். மிச்சம் 8 ஜிபி ஒரு கண் வழியாக. எல்லாமே சிங்கிளாக மாறிவிடாது. போர்டில் 4 ஜிபி சால்டர் செய்து, ஒரே ஒரு ஸ்லாட் கொடுத்திருக்கும் லேப்டாப்களில் 8 ஜிபி ஸ்டிக் போட்டால், 8 ஜிபி டூயலாகவும் 4 ஜிபி சிங்கிளாகவும் இருக்கும். கச்சிதமான ஜோடி இல்லைதான். ஒற்றை ஸ்டிக்கோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல்.

கடைசியாக, அதிகம் பேர் பார்க்காத ஒன்று: ஸ்டிக்கின் லேபிளில் இருக்கும் 1ஆர்×8, 2ஆர்×8, 1ஆர்×16 என்ற குறிப்பு. × குறிக்குப் பின்னால் இருப்பது ஒவ்வொரு சிப்பின் பிட் அகலம். ×8-ஐவிட ×16 சிப்களால் ஆன ஸ்டிக்கில் சிப்களின் எண்ணிக்கை பாதி. ஒவ்வொரு சிப்பிலும் பேங்க் குழுக்களும் (தரவை வைத்திருக்கும் அறைகளின் தொகுதிகள்) பாதிதான். ஒரு குழு ஓய்வெடுக்கும் நேரத்தில் மற்றொன்றைக் கேட்டு வாங்கும் வாய்ப்பு குறைவதால், காகிதத்தில் ஒரே பேண்ட்வித் இருந்தாலும் கைக்கு வருவது சற்றுக் குறைகிறது. டிடிஆர்5-ல் 8 ஜிபி ஸ்டிக்குகள் பெரும்பாலும் 1ஆர்×16 வகைதான். அதனால் டிடிஆர்5 லேப்டாப்பில் 8 + 8 வாங்குவதைவிட, கைக்கு எட்டினால் 16 + 16 நல்லது. ரேம் விலை ஏறும் காலத்தில் இது எல்லோருக்கும் முடியாது என்று தெரியும். முடியாவிட்டால் 8 + 8-ஏ போடுங்கள், ஒற்றை 16 வேண்டாம்.

படி 6: மாட்டுங்கள்

வாரண்டி இருந்தால், பின்மூடியைத் திறப்பதற்கு நிபந்தனை உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பயமாக இருந்தால் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள், தவறே இல்லை.

நீங்களே செய்வதென்றால்: ஷட் டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடியுங்கள். திருகுகளைக் கழற்றும்போது எந்த இடத்திலிருந்து எடுத்தீர்களோ அதே வரிசையில் ஒரு காகிதத்தில் வையுங்கள். நீளம் மாறியிருக்கும், நீளமானதைக் குட்டையான இடத்தில் முறுக்கினால் போர்டு பாழாகும். மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. இதை மட்டும் தவிர்க்கவே கூடாது. கையில் இருக்கும் நிலைமின்சாரம் போக ஏதாவது உலோகத்தைத் தொட்டுவிட்டு, ஸ்டிக்கை ஓரத்தில் பிடித்து, சாய்வாக ஸ்லாட்டுக்குள் தங்கப் பட்டை மறையும் வரை செருகி, கீழே அழுத்துங்கள். இரண்டு பக்கக் கொக்கியும் 'டிக்' என்று பிடிக்க வேண்டும்.

பேட்டரியை இணைத்து முதல்முறை ஆன் செய்யும்போது திரை கறுப்பாகவே இருக்கும். பதறாதீர்கள். புதிய ரேமோடு எந்த நேரக் கணக்கில் பேசுவது என்று பிராசஸர் பழகிக்கொள்கிறது. டிடிஆர்5 என்றால் சில நிமிடம்கூட ஆகலாம். சித்தி மகன் இந்த இடத்தில்தான் மறுபடி போன் செய்தான். "அண்ணா, போச்சு, லேப்டாப் செத்துப்போச்சு!" கையை எடுத்துவிட்டு ஒரு டீ குடித்து வா என்றேன். அவன் திரும்பி வருவதற்குள் லாகின் திரை வந்திருந்தது.

படி 7: சரிபார்த்து, அளந்து பாருங்கள்

சிபியு-இசட்டில் சேனலையும் வேகத்தையும் மறுபடி பாருங்கள். முன்பு எடுத்த அதே இடத்தில், அதே செட்டிங்கில் ஃபிரேமை எடுங்கள். ஜிடிஏ 5-ல் உள்ளேயே பெஞ்ச்மார்க் இருக்கிறது. மூன்றுமுறை ஓட்டி நடுவில் வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரியை மட்டும் பார்க்காமல் மிகக் குறைந்த ஃபிரேம்களையும் பாருங்கள். டூயல் சேனலின் சுகம் அங்கேதான் அதிகம் தெரியும், ஏனென்றால் பிராசஸரும் கிராபிக்ஸும் ஒரே சமயத்தில் மதகுக்கு ஓடிவரும் நொடிகளில்தான் ஆட்டம் திக்குகிறது.

பயாஸில் யுஎம்ஏ ஃபிரேம் பஃபர் என்றொரு அமைப்பு இருக்கலாம்: 512 எம்பி, 2 ஜிபி, 4 ஜிபி என்று. இதைக் கூட்டினால் வேகம் கூடும் என்று பல வீடியோக்களில் சொல்கிறார்கள். இது ஏரியில் கிராபிக்ஸுக்கென்று ஒரு மூலையைக் கயிறு கட்டி ஒதுக்குவது; மதகின் அளவு மாறுவதில்லை. தனி மெமரி போதவில்லை என்று சொல்லித் திறக்க மறுக்கும் ஆட்டங்களுக்கு இது உதவும். மற்றபடி, ஒதுக்கியது போதாவிட்டால் விண்டோஸ் மிச்சமுள்ள ரேமிலிருந்து தானாகவே கொடுக்கும். 8 ஜிபி லேப்டாப்பில் 2 ஜிபியை ஒதுக்கினால் உங்களுக்கு 6 ஜிபிக்கும் சற்றுக் குறைவுதான் மிஞ்சும். அது பெரும்பாலும் நஷ்டம்.

ரேமை மாற்றவே முடியாதவர்களுக்கு

சால்டர் செய்த லேப்டாப் என்றால் மதகைப் பெரிதாக்க வழியில்லை. தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தலாம். ரெசல்யூஷனைக் குறைப்பதுதான் முதல் வழி. 2022-ல் வந்த ஸ்டீம் டெக் வினாடிக்கு 88 ஜிபி பேண்ட்வித் வைத்துக்கொண்டு 1280 × 800 திரையோடு நிறுத்திக்கொண்டது. புள்ளிகள் ஃபுல் எச்டியில் பாதிக்கும் குறைவு. அதை வடிவமைத்தவர்களே அப்படிச் செய்திருக்கும்போது, அதைவிடக் குறைந்த பேண்ட்வித் உள்ள லேப்டாப்பில் 1080 வேண்டுமென்று அடம்பிடிக்க வேண்டாம். ஆட்டத்தின் செட்டிங்கில் எஃப்எஸ்ஆர் என்ற படம் பெரிதாக்கும் வசதி இருந்தால் குவாலிட்டி நிலையில் வையுங்கள்; உள்ளே 720-ல் வரைந்து 1080-ஆகப் பெரிதாக்கிக் காட்டும், எழுத்துகளும் தெளிவாக இருக்கும்.

எம்எஸ்ஏஏ வகை ஆன்டி அலையாசிங்கை அணைத்துவிடுங்கள், ஒவ்வொரு புள்ளிக்கும் பல மாதிரிகளை எழுதவைப்பதால் மெமரியைக் குடிப்பதில் அது பெரிய ஆள். நிழலின் தரம், புகை, மோஷன் ப்ளர், டெப்த் ஆஃப் ஃபீல்டு எல்லாமே மெமரிச் செலவுதான். வெளியே 4கே மானிட்டர் மாட்டியிருந்தால், 60 ஹெர்ட்ஸில் படத்தை அனுப்புவதற்கே வினாடிக்கு 2 ஜிபி போகும். ஒற்றை 3200 ஸ்டிக்கில் அது பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஆட்டம் இன்னும் தொடங்கவேயில்லை.

புதிதாக வாங்கப் போகிறீர்கள் என்றால்

சால்டர் செய்த ரேம் என்றாலே மோசம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. கிராபிக்ஸ் விஷயத்தில் அது முழுக்கச் சரியில்லை. எல்பிடிடிஆர் சிப்கள் பிராசஸருக்கு மிக அருகில் உட்காருவதால்தான் 7500, 8533 போன்ற வேகங்கள் வருகின்றன. 2024-ல் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேம் பிராசஸரோடு ஒரே பொட்டலத்தில் இருக்கிறது. பேண்ட்வித் சுமார் 136 ஜிபி. ஏஎம்டியின் ரைசன் ஏஐ மேக்ஸ் வரிசையில் மெமரியின் அகலம் 256 பிட், அதாவது நாலு கண் மதகு, வினாடிக்கு 256 ஜிபி. அதற்குமேல் சிப்புக்குள்ளேயே 32 எம்பி கேஷ் என்ற வேகமான சிறு மெமரி வேறு. வயலுக்குப் பக்கத்திலேயே ஒரு குட்டை வெட்டி வைப்பதுபோல இது. இன்டெல் 2013-லேயே ஐரிஸ் புரோ 5200-ல் 128 எம்பி வைத்து இதைச் செய்து பார்த்திருக்கிறது. கழற்றி மாட்டும் வசதியையும் வேகத்தையும் சேர்த்துத் தர எல்பிகேம்2 என்ற புது வகை வந்திருக்கிறது. அதில் ஒரே மாட்யூல் 128 பிட்டையும் தந்துவிடும். கிடைக்கும் லேப்டாப்கள் இன்னும் குறைவு.

ஆனால் எல்பிடிடிஆர் என்ற பெயரைக் கண்டு உடனே சம்மதிக்கவும் வேண்டாம். ரைசன் 5 7520யு சிப்பில் இருப்பது எல்பிடிடிஆர்5-5500 தான், ஆனால் அகலம் 64 பிட் மட்டும். கிராபிக்ஸ் யூனிட்டுகளும் இரண்டே இரண்டு. இன்டெல் என்100 சிப் எந்த ரேம் போட்டாலும் ஒரே சேனலில்தான் ஓடும். இவற்றில் பின்னால் ஸ்டிக் சேர்த்து டூயலாக்கும் வழியே இல்லை. படிப்புக்கும் அலுவலக வேலைக்கும் இவை போதும். விளையாட்டுக்கு என்று யாராவது இவற்றை விற்றால் வாங்காதீர்கள்.

கடைக்குப் போனால் எத்தனை ஜிபி என்று கேட்டதோடு நிறுத்தாமல், "ஒரே ஸ்டிக்கா, இரண்டா? ஒன்றுதான் என்றால் இன்னொரு ஸ்லாட் இருக்கிறதா? சால்டர் என்றால் எத்தனை பிட்?" என்று கேளுங்கள். பதில் தெரியாது என்றால், டிஸ்ப்ளேயில் வைத்திருக்கும் லேப்டாப்பில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அரை நிமிட வேலை.